நான் வர்றோம்

எங்கள் வீட்டில் 'நீ' என்பது திட்டுவதற்கு மட்டும்தான். மற்ற நேரமெல்லாம் 'நாம்'. "நமக்கு நாளைக்குப் பரீட்சை", "நமக்கு ஜலதோஷம்", "நமக்கு இந்தக் கலர் எடுபடாது" என்பாள் அம்மா. பரீட்சை எழுதியது நான், தும்மியது நான். ஆனால் அவளைக் குறை சொல்லவும் வாய் வரமாட்டேன் என்கிறது. என்னைப் படிக்கவைக்க இருந்த வேலையை விட்டவள். எனக்குக் காய்ச்சல் என்றால் அவள் சாப்பிடமாட்டாள். அப்படிப்பட்டவளிடம் போய், மூச்சு முட்டுகிறது என்று எந்த முகத்தை வைத்துக்கொண்டு சொல்வது?

வீட்டில் உள்தாழ்ப்பாள் இருப்பது குளியலறைக்கு மட்டும். அங்கேதான் நான் சோப்பில் பல் செதுக்கக் கற்றேன். சிரிக்காதீர்கள். பள்ளி முடித்த வருடம் என் முன்பல் உடைந்து, பல் செட் செய்கிற இடத்துக்குப் போனோம். வெறும் மெழுகிலிருந்து ஒரு பல் உருவாவதைப் பார்த்தேன். அதோடு சரி, பைத்தியம் பிடித்துவிட்டது. ஹேர்பின்னை நிமிர்த்திவைத்துக்கொண்டு கடைவாய்ப் பல்லாகச் செதுக்கித் தள்ளினேன்.

"இந்த வீட்ல சோப்பை யாரு திங்கறீங்க?" என்று அம்மா கத்துவாள்.

"நான் இல்லப்பா," என்பார் அப்பா. அவர் பஸ் டிரைவர். வீட்டில் ஸ்டியரிங் அம்மா கையில்.

பல் செட் செய்யக் கற்றுத்தரும் நிலையம் ரயிலில் ஏழு மணி நேரத் தூரம். இரண்டு வருடம், ஹாஸ்டலில் தங்கிப் படிக்க வேண்டும். நான் கேட்டதும் விண்ணப்பத்தை அம்மாவே நிரப்பி, தன் போன் நம்பரைப் போட்டாள். எப்படியும் கிடைக்காது என்ற தைரியம்தான்.

தேர்வன்று வெளியே பெஞ்சில் தண்ணீர் பாட்டிலோடு அவள் உட்கார்ந்துகொண்டாள். உள்ளே ஒரு மெழுகுக் கட்டி கொடுத்து, ஒரு மணி நேரத்தில் ஒரு கடைவாய்ப் பல் என்றார்கள். நாற்பது நிமிடத்தில் முடித்துவிட்டேன். ஆசிரியை அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"எங்கே கத்துக்கிட்டே?"

"பாத்ரூம்ல மேடம்."

சிரித்துவிட்டார். "சரி, ரெண்டு வருஷம் வீட்டை விட்டு இருப்பியா?"

"நமக்கு ஒத்துக்கும்னுதான் நினைக்கிறோம் மேடம்."

"நமக்குன்னா? நானும் அதுல சேர்த்தியா?"

எனக்குக் காது சுட்டது. பதிலுக்காக, சத்தியமாகச் சொல்கிறேன், கதவுப் பக்கம் திரும்பி அம்மாவைத் தேடினேன். அதை அவர் கவனித்துவிட்டார்.

"இதோ பாரும்மா, உனக்குக் கை நல்லா வருது. இடம் உண்டு. ஆனா வீட்டு நினைப்புல பாதியில ஓடிப் போனவங்க நிறைய பேரு. வெள்ளிக்கிழமை நானே போன் பண்றேன். 'நான் வர்றேன்'னு உன் வாயால சொல்லணும். வேற யார் சொன்னாலும் செல்லாது."

வீட்டுக்கு வந்ததும் குளியலறையில் அதையே திக்கித் திக்கிச் சொல்லிப் பழகினேன். இரண்டே சொல், இதற்கு ஒரு ஒத்திகையா என்று உங்களுக்குத் தோன்றும். பத்தொன்பது வருடம் சொல்லாமல் இருந்து பாருங்கள், தெரியும்.

வெள்ளிக்கிழமை மத்தியானம் போன் அடித்தது. அம்மாதான் எடுத்தாள். "நாங்க யோசிச்சுப் பார்த்தோம்ங்க. அவ்வளவு தூரம் எங்களுக்குச் சரிப்படாது." அந்தப் பக்கம் ஏதோ சொன்னார்கள். அம்மாவின் முகம் சுண்டிப்போனது. போனை என்னிடம் நீட்டினாள்.

"நீயே சொல்லணுமாம்."

நீ! போனைக் காதில் வைத்தேன். அம்மா எதிரே நின்று என் கலைந்த முடியைக் காதோரம் ஒதுக்கினாள். அவள் கண் நிறைந்திருந்தது.

"சொல்லும்மா," என்றார் ஆசிரியை.

"நான்..."

அப்பாடா, வந்துவிட்டது. இன்னும் ஒரே சொல்தான். அம்மாவின் விரல் என் காதோரமே நின்றுவிட்டது.

"நான் வர்றோம்."

ஆசிரியை, "சரி, 'நான்' வரைக்கும் வந்துட்டே. மீதியை இங்க வந்து கத்துக்கோ. திங்கட்கிழமை சேரணும்," என்று வைத்துவிட்டார்.

எனக்குக் குதிக்க வேண்டும்போல இருந்தது. ஒரே ஒரு நிமிடம்.

"ஏங்க, கேட்டீங்களா?" கண்ணைத் துடைத்துக்கொண்டு அம்மா அப்பாவைக் கூப்பிட்டாள். "வர்றோம்னு சொல்லிட்டா! என்னை விட்டுட்டுப் போக அவளுக்கு மனசு வருமா? அங்கேயே வாடகைக்கு ஒரு ரூம் பாருங்க. ஹாஸ்டலும் வேணாம், ஒண்ணும் வேணாம்."

அப்பா என்னைப் பார்த்தார். பிறகு ஸ்டூலைப் போட்டு ஏறி, பரணிலிருந்து இரண்டு பெட்டிகளை இறக்கினார்.

நான் குளியலறைக்குள் போய்த் தாழ்ப்பாள் போட்டேன். குழாயைத் திறந்துவிட்டு, "நான் வர்றேன், நான் வர்றேன்," என்று சொல்லிப் பார்த்தேன். பாழாய்ப்போன வாய், இப்போது தடங்கலே இல்லாமல் வந்தது.

அம்மா கதவைத் தட்டினாள்.

"எதுக்குச் செல்லம் அவசரப்படறே? இரு, நானும்தான் வர்றேன்."