வாயில் குண்டூசியோடு ஒரு செபமாலை

இதனால் இந்நகரின் விசுவாசிகள், அவிசுவாசிகள், ஞாயிற்றுக்கிழமை மட்டும் விசுவாசிகள் ஆகிய அனைவருக்கும் அறிவிப்பது என்னவென்றால்: திருச்சபையின் வரலாற்றிலும் ஒலிபரப்பின் வரலாற்றிலும் ஒருசேரப் பொன்னெழுத்துகளால் பொறிக்கப்பட வேண்டிய பெருநிகழ்வு ஒன்று, ஒரு செவ்வாய்க்கிழமை காலையில், தையல்கடை ஒன்றின் பின்னறையில் நடந்தேறியது. தையல்காரி தன் வாயிலிருந்த குண்டூசிகளை எடுத்து முடிக்கும்வரை வானொலிப்பெட்டி காத்திருந்தது.

இதன் முக்கியத்துவம் புரிய வேண்டுமானால் இந்நகரின் கத்தோலிக்க வானொலியின் காலைச் செபமாலையைப் பற்றித் தெரிந்திருக்க வேண்டும். ஒவ்வொரு செபத்தின் முதல் பாதியையும் நிலையத்தின் இயக்குநரான சாமியார் சொல்வார். கேட்பவர்கள் மறுபாதியை அவரவர் வீட்டில் சொல்லிக்கொள்ளச் சற்று இடைவெளி விடுவார். நேரடி ஒலிபரப்பு என்று எல்லோரும் நம்பினாலும் அது பழைய ஒலிப்பதிவு. அதுவும் இயக்குநர் ரயிலைப் பிடிக்க வேண்டியிருந்த ஒரு நாளில் செய்தது. எனவே அவர் விட்ட இடைவெளி ரயிலைப் பிடிக்கப் போகிறவர் விடுகிற இடைவெளியாக இருந்தது. ஊர் முழுக்க அந்த ரயிலின் பின்னால் ஓடியபடியே செபித்தது. "புனித மரியே, இறைவனின் தாயே, பாவிகளாய் இருக்கிற..." என்பது வரைக்கும் பெரும்பாலோர் வந்துவிடுவார்கள். "வேண்டிக்கொள்ளும்" என்பதற்குள் இயக்குநர் செபமாலையின் அடுத்த மணிக்குப் போயிருப்பார். இப்படியாக ஒரு தலைமுறையே தாங்கள் பாவிகள் என்பதை மட்டும் தினமும் ஒப்புக்கொண்டு, மேற்கொண்டு எதுவும் கேட்காமல் வேலைக்குக் கிளம்பிக்கொண்டிருந்தது.

தையல்காரியின் பாடு இன்னும் மோசம். விளிம்பு மடிக்கிற வேலையைக் காலையிலேயே முடித்துவிடுவது அவள் வழக்கம். அப்போது குண்டூசிகள் உதடுகளுக்கிடையில் வரிசையாக நிற்கும். ஒவ்வொன்றாக எடுத்துத் துணியில் குத்திவிட்டு வாயைத் திறப்பதற்குள் இரண்டு செபம் கடந்துவிடும். ஆனாலும் அவள் அந்தப் பின்னறையை விடவில்லை. காரணம், அவள் வாய்விட்டுச் செபிக்கிற ஒரே இடம் அதுதான். கோயிலில் அவள் வாயைத் திறப்பதில்லை. அங்கே பாடகர் குழுவை நடத்துகிறவள் அவளுடைய சொந்த அக்கா, பள்ளிக்கூடத்துப் பாட்டு டீச்சர். வருடங்களுக்கு முன்பு, ஆயர் வரப்போகிற ஞாயிற்றுக்காக நடந்த ஒத்திகையில், குழு முழுவதும் கேட்க அக்கா சொன்னாள்: "நீ வாயை மட்டும் அசை. சத்தம் வேண்டாம்." தங்கை அன்றைக்கு வாயை மட்டும் அசைத்தாள். அதற்குப் பிறகு அதையும் நிறுத்திக்கொண்டாள். இரண்டு தெரு தள்ளியிருந்த அக்காவிடம் ஒரு வார்த்தை பேசவில்லை. அக்காவின் ரவிக்கைகள் மட்டும் பக்கத்து வீட்டுக்காரி மூலமாகத் தைக்க வந்து, அளவு பிசகாமல் தைக்கப்பட்டு, திரும்பிப் போய்க்கொண்டிருந்தன.

அந்தச் செவ்வாய்க்கிழமை வானொலி காத்திருந்தபோது தையல்காரி பெட்டி கெட்டுப்போய்விட்டது என்றுதான் நினைத்தாள். ஒரு தட்டுத் தட்டினாள். அமைதி. சரி, நம் பாட்டுக்கு முடிப்போம் என்று கடைசி ஊசியையும் எடுத்துவிட்டு நிதானமாக "ஆமென்" என்றாள். உடனே இயக்குநரின் குரல் அடுத்த மணியைத் தொடங்கியது. மறுநாளும் அப்படியே. அவள் துணியை இஸ்திரி போட்டால் வானொலி இஸ்திரி முடியும்வரை நின்றது. வாசலில் யாராவது கூப்பிட்டால் அவள் போய் வரும்வரை நின்றது. மரியாதை தெரிந்த பெட்டி என்று அவள் அதை வாரத்துக்கொரு முறை துடைக்க ஆரம்பித்தாள்.

அவளுக்குத் தெரியாத ஒன்று ஊருக்கே தெரிந்திருந்தது. காத்திருந்தது அவள் பெட்டி மட்டுமல்ல, எல்லாப் பெட்டிகளும். அந்த இடைவெளியில் எல்லா வீடுகளிலும், பேருந்துகளிலும், ரொட்டிக்கடையிலும் ஒரு பெண்குரல் மறுபாதியைச் சொன்னது. முதலில் பல்லிடுக்கில் ஏதோ மாட்டியதுபோல, போகப் போகத் தெளிவாக. சுருதி கிருதி ஒன்றும் கிடையாது. ஆனால் அவசரமும் கிடையாது. அவளோடு சேர்ந்து சொன்னவர்கள் வாழ்க்கையில் முதல் முறையாக "வேண்டிக்கொள்ளும்" வரை போய்ச் சேர்ந்தார்கள். அப்படிச் சேர்ந்தவர்கள் சந்தோஷமாகவே வேலைக்குப் போனார்கள். நிலையத்துப் பொறியாளர் கணினியைச் சோதித்தார். பதிவு ஓடிக்கொண்டுதான் இருந்தது. ஓடி எங்கே போகிறது என்றுதான் அவருக்குப் பிடிபடவில்லை.

இறையியலில் இரண்டு முனைவர் பட்டம் வாங்கிய இயக்குநர் இதை விடுவாரா? "இடைவெளியின் இறையியல்" என்று பத்துப் பகுதிகள் கொண்ட பேருரையைத் தொடங்கினார். முதல் பகுதியில், குரலைத் தாழ்த்தி, "இறைவனின் மௌனத்துக்குத்தான் என்ன பொருள்?" என்று கேட்டார். பதிலை அவரே சொல்வதாகத் திட்டம். ஆனால் வானொலி அவரையும் நிறுத்திவைத்தது. காலர் வெட்டிக்கொண்டிருந்த தையல்காரி, பெட்டிக்குப் பதில் சொல்வது மரியாதை என்று, "அவரும் கொஞ்சம் மூச்சு விட வேண்டாமா ஃபாதர்?" என்றாள். ஊர் முழுக்கத் தலையாட்டியது. மிச்சம் ஒன்பது பகுதிகளும் நேயர் விருப்பத்தின் பேரில் கைவிடப்பட்டன. அன்றிலிருந்து நேயர்கள் நிலையத்துக்கு எழுதி அனுப்புகிற விசுவாசச் சந்தேகங்களையெல்லாம் இயக்குநர் வேறு வழியில்லாமல் அப்படியே வாசித்தார். மாவு பிசையும்போது சொல்கிற செபம் கணக்கில் சேருமா என்று ஒருவர் கேட்டிருந்தார். "ரொட்டி நல்லா வந்துச்சுன்னா சேரும்" என்றாள் தையல்காரி. மாமியார்மேல் கோபத்தோடு முழந்தாளிடலாமா என்று இன்னொருத்தி. "முழந்தாளிட்டா கோபம் கால்வலியா மாறிடும். அது எழுந்திருச்சதும் போயிடும்."

யாரும் அவளிடம் இதைப் பற்றி மூச்சு விடவில்லை. பேருந்து ஓட்டுகிற அவள் கணவன்கூட. பயணிகள் தினமும் அவன் முதுகுக்குப் பின்னால் அவன் மனைவியோடு செபித்தார்கள். சொன்னால் நிறுத்திவிடுவாள் என்று அவனுக்குத் தெரியும், ஊருக்கும் தெரிந்திருந்தது. ரகசியத்தை உடைத்தவர் ரொட்டிக்கடைக்காரர். கெட்ட எண்ணமில்லை, அக்கறைதான். சில்லறை எடுத்தபடியே, "காலையில தேடினீங்களே, அந்த ஊதா நூல்கண்டு, கிடைச்சுதாம்மா?" என்றார்.

அதை அவள் முணுமுணுத்துத் தேடியது பின்னறையில், பெட்டியைத் தவிர யாரும் இல்லாதபோது. அவள் ரொட்டியை வாங்காமலே வீட்டுக்கு வந்தாள். மறுநாள் காலை இயக்குநர் முதல் மணியைச் சொல்லி நிறுத்தியபோது, ஊசிப்பெட்டியில் இருந்த குண்டூசிகளையெல்லாம் எடுத்து வாயில் வைத்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டாள்.

வானொலி காத்திருந்தது. செபம் நகரவில்லை, அதன் பின்னால் செய்தி நகரவில்லை, வானிலை சொல்லப்படாததால் வானமும் ஒரே மாதிரி வெளுத்து நின்றது. செபம் முடியாமல் வண்டியை எடுப்பதில்லை என்று எந்தப் பேருந்தும் கிளம்பவில்லை. கணவன் கடைக்கு வந்து வாசலில் நின்றான். "ஒரே ஒரு ஆமென் சொல்லு. வண்டியில உட்கார்ந்திருக்கிறவங்க இறங்கவும் மாட்டேங்கறாங்க, பாட்டுப் பாடவும் ஆரம்பிச்சுட்டாங்க." அவள் மாட்டேன் என்று தலையை ஆட்டினாள். மத்தியானத்துக்கு மேல் இயக்குநரே அங்கி தரையில் புரள நடந்து வந்தார்.

"மகளே, உன் மௌனம் ஆழ்ந்த இறையியல் உண்மையை..."

"ஃபாதர், அவ வாயில ஊசி இருக்கு. அதான்" என்றான் கணவன்.

இயக்குநர் உட்கார இடம் தேடினார். நாற்காலியில் வெட்டிய துணி கிடந்ததால் நின்றுகொண்டே இருந்தார். அப்போது அந்தப் பெட்டிக்குள்ளிருந்து ஒரு குரல் வந்தது. இயக்குநரின் ஒலிப்பதிவு அல்ல, ஒரு பெண்ணுடையது. பயிற்சி பெற்ற, சுருதி சுத்தமான குரல். "புனித மரியே, இறைவனின் தாயே, பாவிகளாய் இருக்கிற..." என்று வந்து, அங்கேயே நின்றது.

தையல்காரி பெட்டியின் பக்கம் திரும்பினாள்.

"மிச்சத்தைச் சொல்லுடி" என்றது குரல். "எனக்கு மறந்துபோச்சு."

ஊரில் இருந்த எல்லாச் செபங்களையும், அவற்றின் எல்லா மெட்டுகளையும் மனப்பாடமாக வைத்திருந்தவள் பாட்டு டீச்சர். இது பொய் என்று ஊர் முழுக்கத் தெரிந்தது. தையல்காரிக்கும் தெரிந்தது. ஒவ்வொன்றாக ஊசிகளை எடுத்துத் துணியில் குத்தத் தொடங்கினாள். நிறைய ஊசிகள். வானொலி காத்திருந்தது, அக்காவும் காத்திருந்தாள்.

"என்னை வாயை மட்டும் அசைன்னியே" என்றாள், கடைசி ஊசியைக் கையில் வைத்துக்கொண்டு.

"சொன்னேன். சுருதி சேரலை, சொன்னேன். எல்லார் முன்னாலயும் சொன்னதுதான் தப்பு. அதுக்கப்புறம் குழுவுல எல்லாரும் சுருதியாத்தான் பாடறாங்க. ஒருத்தர் பாட்டும் எனக்குக் காதுல விழலை. காலையில இந்தப் பெட்டியைத்தான் வச்சுக்கிட்டு உட்கார்ந்திருக்கேன்."

"தினமுமா?"

"பின்னே? போன வாரம் குடுத்த ரவிக்கையில தோள் இறக்கம்னு யார்கிட்ட சொல்றது?"

"இறக்கமெல்லாம் இல்ல. நீ இளைச்சுட்ட."

"இளைக்காம? சரி, சொல்லித் தொலைடி, சாயங்காலம் ஆகப்போகுது. பாவிகளாவே நிக்கறோம் எல்லாரும்."

தையல்காரி சொன்னாள். "வேண்டிக்கொள்ளும்" என்ற இடத்தில் ரொட்டிக்கடைக்காரரின் குரலும் பெட்டிக்குள் சேர்ந்தது; அப்புறம் பேருந்துகளிலிருந்தவர்கள், சமையலறைகளில் இருந்தவர்கள், பல வருடமாகச் செபமாலையைத் தொடாதவர்கள் என்று மொத்த ஊரின் குரலும் அந்தச் சின்னப் பெட்டியிலிருந்து வெளியே வந்து, பின்னறை ஜன்னல் கண்ணாடி நடுங்கியது. கணவன் சிரித்தபடி ஓடிப்போய் வண்டியை எடுத்தான். இயக்குநர் தன்னையறியாமல் கையில் கிடைத்த துணியால் மூக்கைச் சிந்தினார். அது ஒருவரின் திருமணச் சட்டைக்கான கை.

அதற்குப் பிறகு வருடங்கள் போய்விட்டன. காலைச் செபமாலை எவ்வளவு நேரம் பிடிக்கும் என்று யாரும் சொல்ல முடியாது. யார் எங்கே இருமினாலும் நிற்கும். பேருந்துக் கால அட்டவணையில் முதல் வண்டிக்கு நேராக "ஆமெனுக்குப் பிறகு" என்று அச்சடித்திருக்கிறார்கள். வெளியூரிலிருந்து வருகிறவர்கள் அதைப் பார்த்துச் சிரித்துவிட்டு, இரண்டாம் நாளிலிருந்து காத்திருக்கிறார்கள். நிகழ்வை ஆராய அமைக்கப்பட்ட குழு, மேலும் ஆராய வேண்டும் என்று ஆராய்ந்து முடித்தது. இயக்குநர் செபமாலையைப் புதிதாக ஒலிப்பதிவு செய்தார், ரயில் எதுவும் இல்லாத நாளாகப் பார்த்து. தையல்காரி பாடகர் குழுவுக்குத் திரும்பினாள். முன்வரிசையில், அக்காவுக்கு நேர் எதிரே, வாயை அகலத் திறந்து நிற்கிறாள்.

அவளுக்கு இன்னும் பாட வரவில்லை.