கைப்பிடி இல்லாத கதவு

அவள் பள்ளிப் பேருந்து ஓட்டுபவள். வண்டியை எடுக்குமுன் தினமும் குனிந்து சக்கரங்களுக்கு அடியில் பார்ப்பாள். விடுப்பு முடிந்து திங்கட்கிழமை வேலைக்குத் திரும்ப வேண்டும். அதற்குள் மகனின் அறையையும் அப்படி ஒரு கண் பார்த்துவிட நினைத்தாள்.

மகனுக்குப் பதினொரு மாதம். தவழ்கிற வேகத்தில் எதிரில் கிடப்பதையெல்லாம் முட்டித் தள்ளிக்கொண்டு போவான். அவன் அத்தை வைத்த பெயர் புல்டோசர். அத்தை, அதாவது அவளுடைய நாத்தனார், கூடத்தில் தையல் இயந்திரம் போட்டு ரவிக்கை தைப்பவள்.

காலையில் அவளும் மகனைப் போலவே அந்த அறையில் மண்டியிட்டுத் தவழ்ந்து பார்த்தாள். மின் துளைகளுக்கு மூடி போட்டாள். திரைக் கயிற்றை எட்டாத உயரத்தில் கட்டினாள்.

"ஜெயில்கூட இவ்வளவு பத்திரமா இருக்காதும்மா," என்றாள் நாத்தனார் ஊசியில் நூல் கோத்தபடி.

"அங்க இருக்கிறவங்க வாயில எல்லாத்தையும் போட மாட்டாங்களே அண்ணி!"

மதியத்துக்கு மேல் இரண்டு வேலைகள் மீதி. ஒன்று, துணி வைக்கும் ஐந்து இழுப்பறை அலமாரியைச் சுவரோடு திருகி முடுக்குவது. அதற்காக அதைச் சுவரைவிட்டு நகர்த்தி வைத்திருந்தாள். மற்றது, உள்ளிருந்து தாழிட்டுக்கொள்ளும் கதவுப் பூட்டை மாற்றுவது. பிள்ளை நாளை எழுந்து நின்று தாழ்ப்பாளைத் திருகிவிட்டால்? இரண்டு பக்கக் கைப்பிடிகளையும் கழற்றி, நடுவே இருந்த சதுரக் கம்பியையும் உருவி அறைக்குள் தரையில் வைத்தாள். கதவு சாத்திக்கொள்ளாமல் இருக்க ஒரு தண்ணீர் பாட்டிலை முட்டுக் கொடுத்தாள்.

மகன் அறைக்குள் தவழ்ந்துகொண்டிருந்தான். திருகாணிப் பொட்டலம் கூடத்தில் இருந்தது. பத்து அடி தூரம். போனாள்.

பாட்டில் உருளும் சத்தம் கேட்டுத் திரும்புவதற்குள் ஜன்னல் காற்றில் கதவு படாரென்று அறைந்து சாத்திக்கொண்டது. உள்ளே புல்டோசர் மட்டும்.

தள்ளினாள். அசையவில்லை. கைப்பிடி இருந்த இடத்தில் ஒரு கண்ணுக்கு மட்டும் போதுமான சதுர ஓட்டை. அதில் கண்ணை வைத்தாள். மகன் அலமாரியைப் பார்த்துத் தவழ்ந்து போய்க்கொண்டிருந்தான். எட்டிப் பிடித்து, அடி இழுப்பறையை வெளியே இழுத்தான்.

அவள் கூடத்துப் பக்கம் திரும்பிக் கத்தினாள்.

"அண்ணி! கதவு மாட்டிக்கிச்சு! அலமாரி சும்மா நிக்குது அண்ணி!"

நாத்தனார் ஓடிவந்தாள். ஒரு கரண்டிக் காம்பை ஓட்டையில் விட்டுத் திருப்பினார்கள். வழுக்கியது. சதுரக் கம்பியும், கைப்பிடியைக் கழற்றிய திருப்புளியும் உள்ளேதான் கிடந்தன.

"நீ அவன இங்க கூப்பிடு. பேச்சு குடுத்துக்கிட்டே இரு," என்று சொல்லிவிட்டு நாத்தனார் கூடத்துக்கு ஓடினாள்.

அவள் தரையில் படுத்து, கதவடி இடுக்கில் விரல்களை நுழைத்து ஆட்டினாள். "தங்கம்! அம்மா விரல் எங்க? வா வா, பிடி பார்ப்போம்!" குரல் நடுங்காமல் பார்த்துக்கொள்வதுதான் பெரும்பாடாக இருந்தது. தவழ்ந்து வந்தான். எச்சில் ஈரத்தோடு அவள் விரலைப் பிடித்துக்கொண்டு சிரித்தான். அப்படியே இருடா என் ராசா, என்று மனதுக்குள் கெஞ்சினாள்.

நாத்தனார் கொண்டுவந்தது துணி வெட்டும் கத்திரிக்கோல். காகிதம் வெட்டக்கூட யாருக்கும் தராதது. அதன் முனையை ஓட்டைக்குள் திணித்து முறுக்கினாள். கதவு கடகடவென்று அதிர்ந்தது. அந்தச் சத்தத்தில் பிள்ளை மிரண்டு விரலை விட்டுவிட்டான்.

"போகாதடா! அம்மாகிட்ட வா!"

இழுப்பறை சறுக்கும் சத்தம். பிறகு இன்னொன்று. மரம் முனகியது. தொடர்ந்து, வீடே குலுங்குவதுபோல் ஒரு சத்தம்.

அதன்பின் எதுவும் கேட்கவில்லை. அழுகைகூட.

அவள் கதவைத் தோளால் இடித்தாள். நாத்தனார் பல்லைக் கடித்து முழுப் பலத்தோடு முறுக்கினாள். கத்திரியின் முனை முறிந்தது, ஆனால் தாழ் நழுவிக் கதவு திறந்துகொண்டது.

அலமாரி முன்பக்கமாகச் சாய்ந்து, தொட்டில் கட்டிலின் விளிம்பில் மோதி நின்றிருந்தது. அதன் அடியில், முக்கோணமாக இருந்த இடைவெளியில், துணிக் குவியலுக்கு நடுவே மகன் குப்புறக் கிடந்தான். அவள் அவனை இழுத்தெடுத்தாள். ஒரு நொடி அவள் முகத்தையே பார்த்தான். பிறகுதான் வீறிட்டான். அவ்வளவு இனிமையான அலறலை அவள் கேட்டதேயில்லை. தலை, கழுத்து, விலா, ஒவ்வொரு விரலாகத் தடவிப் பார்த்தாள். முழங்காலில் மட்டும் ஒரு சிராய்ப்பு.

ஆனாலும் மருத்துவமனைக்குப் போனார்கள். டாக்டர் விளக்கடித்துப் பார்த்து, ஒன்றுமில்லை என்று அனுப்பினார்.

சாயங்காலம் கணவன் வந்தான். உணவகத்தில் சமையல்காரன், போன் வந்ததும் ஏப்ரனைக்கூட அவிழ்க்காமல் ஓடிவந்திருந்தான்.

"நான்தான் கைப்பிடியக் கழட்டினேன்," என்றாள். "நான்தான் அலமாரியையும் நகர்த்தினேன்."

"தெரியும். திருகாணி எங்க?" என்று மட்டும் கேட்டான்.

சுவரில் துளையிட்டு, இரும்புப் பட்டை வைத்து நான்கு திருகாணி முடுக்கினான். அவள் மேல் விளிம்பைப் பிடித்துத் தன் முழுப் பாரத்தையும் போட்டு இழுத்தாள். அசையவில்லை.

"நீங்க இழுங்க."

இழுத்தான்.

"அண்ணி, நீங்களும் ஒரு தடவை."

நாத்தனார் இந்த முறை எந்தக் கிண்டலும் செய்யவில்லை. சேலையை இடுப்பில் செருகிக்கொண்டு வந்து இழுத்தாள். அலமாரி சுவரோடு சுவராக நின்றது.

அவள் மறுபடியும் மேல் விளிம்பைப் பிடிக்கப் போனாள். நாத்தனார் அவளைப் பிடித்துத் தரையில் உட்காரவைத்து, தூங்கும் பிள்ளையை மடியில் கிடத்தினாள்.