பூட்டுக்கு எழுதிய வரி

என் வீட்டுக்காரருக்கு விளம்பர வாசகம் எழுதும் வேலை. சோப்பு, செருப்பு, சிமென்ட் எல்லாவற்றுக்கும் எழுதுவார். எழுதியதைச் சாப்பிடும்போது என்னிடம் ஒரே ஒரு தடவை சொல்வார். மறுநாள் அது தானாக என் வாயில் வந்தால் தேறியது, வராவிட்டால் குப்பைக்கூடை. கல்யாணம் ஆனதிலிருந்து நான் அவருடைய சோதனை எலி.

பூட்டுக் கம்பெனிக்கு எழுதியது இது: “பூட்டு. புறப்படு. திரும்பிப் பார்க்காதே.”

மறுநாள் வாசல் கதவைப் பூட்டும்போதே சொல்லிவிட்டேன். மனுஷன் குதித்தார். “முதல் ரெண்டும் மோனை. மூணாவது வேணும்னே தடம் மாறுது. காது அங்கதான் தடுக்கி விழும். வெளியில மூச்சு விட்டுடாதே!”

இரண்டு வாரம் கழித்து, நேற்று மத்தியானம், பேயறைந்த மாதிரி வீட்டுக்கு வந்தார். பூட்டுக் கம்பெனியில் வரியைப் படித்துக் காட்டியதும் அவர்கள் சிரித்தார்களாம். போட்டி விளம்பரக் கம்பெனி காலையிலேயே அதே வரியைச் சொல்லிவிட்டுப் போயிருக்கிறது. ஒரு எழுத்துகூட மாறவில்லை.

“ஓவியர்தான் வித்துட்டான்” என்றார். இவர் வரிகளுக்குப் படம் போடுகிறவர் அவர்; இருவருக்கும் ஆபீசில் ஒரே அறை. “போன் வந்தா வெளியில போய்ப் பேசறான். புது ஷூ வேற. முதலாளிகிட்ட சொல்லிட்டேன், நாளைக்குக் காலையில ஆளை வேலையை விட்டு அனுப்பிடுவாரு.”

ஓவியரின் மனைவிக்கு இது எட்டாம் மாதம். போன வாரம்தான் என் தையல் கடையில் தொளதொளவென்று இரண்டு கவுன் தைத்துக்கொண்டு போனாள். பாவம் என்றுதான் முதலில் நினைத்தேன். அப்புறம், துணி ரொம்ப உசத்தியாயிற்றே, அது ஏது என்று தோன்றியது. சந்தேகம் சளி மாதிரி, ஒரே வீட்டில் இருந்தால் ஒட்டிக்கொள்ளும்.

சாயங்காலம் கடையை மூட ஷட்டரை இழுத்தேன். எதிரே மருந்துக் கடைக்காரரும் இழுத்துக்கொண்டிருந்தார். சாவியைத் திருகியபடி, “பூட்டு, புறப்படு, திரும்பிப் பார்க்காதே” என்றார்.

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. “அண்ணே, இதை யாரு சொன்னா உங்களுக்கு?”

“யாரு சொல்றது? இங்க எல்லாரும் சொல்றதுதானேம்மா.”

பக்கத்து லாண்டரிக்காரன் சிரித்தான். “அக்கா, உங்ககிட்டேருந்துதான் எங்களுக்குத் தொத்திச்சு. தினம் ஷட்டரை இறக்கிட்டு நீங்கதான சொல்வீங்க?”

நானா? சத்தியமாக எனக்கே தெரியாது.

“தேய்ச்ச சட்டையை வாங்க வந்த, மூக்குக்கண்ணாடி போட்ட ஒருத்தர்கூட நின்னு கேட்டாரே” என்றான். “ஏதோ விளம்பரக் கம்பெனியாம். ‘இது யாரு எழுதினது?’ன்னாரு. ‘யாரும் எழுதலை சார், எங்க தெருவுல பேசிக்கிறது’ன்னேன். ரொம்ப சந்தோஷமாப் போனாரு.”

ஓட்டமும் நடையுமாக வீட்டுக்கு வந்து, மூச்சு வாங்கிக்கொண்டே எல்லாவற்றையும் கொட்டினேன். “யாரும் விக்கலைங்க. நான்தான் வாய் ஓயாம சொல்லியிருக்கேன். முதலாளிக்கு உடனே போன் போடுங்க, அந்தப் பையன் வேலை போயிடும்.”

அவர் போனைத் தொடவில்லை. கண் மட்டும் பளபளத்தது. “எத்தனை கடையில சொல்றாங்க?”

“அதுவா இப்ப முக்கியம்?”

“தெரு முழுக்கவா?” என்று தனக்குள்ளேயே முணுமுணுத்தார். பெருமை கொஞ்ச நேரம்தான். பிறகு என்னை மேலும் கீழும் பார்த்தார். குரல் இறங்கியது. “அந்தக் கண்ணாடிக்காரன் உன் கடைக்கு எத்தனை நாளா வர்றான்?”

“என் கடைக்கு எங்கே வந்தான்? லாண்டரிக்குன்னுதானே சொன்னேன்.”

“லாண்டரிக்காரன் நீ சொல்லச் சொன்னா எதையும் சொல்வான்.”

இத்தனை வருஷம் இவருடைய நல்ல வரி, நொண்டி வரி எல்லாவற்றையும் சோற்றோடு சேர்த்து விழுங்கியவள் நான். அந்த ஓவியரும் இப்படித்தான் இந்தப் பார்வைக்கு எதிரே நின்றிருப்பார், பேச வாய் வராமல். எனக்கு வாய் இருக்கிறது. மேஜைமேல் கிடந்த அவருடைய போனை எடுத்து முதலாளியின் எண்ணை அழுத்தினேன்.

“சொல்லுங்க, என்ன விஷயம்?” என்றார் முதலாளி.

“சார், உங்க வரியை வெளியில விட்ட ஆள் பேசறேன்” என்றேன். “ஓவியரை விட்டுடுங்க. வேணும்னா என்னை வந்து விசாரிங்க, இங்க ஏற்கெனவே ஆரம்பிச்சாச்சு.”