தட்டுக்குப் பின்னால் ஒரு கோப்பை

மொட்டைத் தச்சர் செய்த கண்ணாடி அலமாரியில் ஒரு பொருளை வைத்து, ஓராண்டு எடுத்துப் புழங்காமல் விட்டால் அது மரமாகிவிடும். அலமாரி எந்த மரமோ அதே மரம். வங்கி மேலாளர் வீட்டு வெள்ளிக் கரண்டிகள் தேக்காயின. வக்கீலின் புத்தகங்கள் மரமான விஷயம் நாலு வருஷம் கழித்துத்தான் வக்கீலுக்கே தெரிந்தது. யாரும் சண்டைக்குப் போகவில்லை. வெயில் படும் இடத்தில் வைக்காதீர்கள் என்பதோடு சேர்த்து இதையும் தச்சர் விற்கும்போதே சொல்லிவிடுவார். விருந்தாளிக்கென்று பூட்டி வைத்த நல்ல தட்டுகளில் வீட்டுக்காரர்களே சாப்பிடத் தொடங்கினார்கள்.

தலை நிறைய முடி இருந்தும் அவருக்கு அந்தப் பட்டப்பெயர் வந்தது வேலையால்தான். ஷேக்கர் என்ற சமயக் கூட்டத்தாரின் மரச்சாமான்களை இளவயதில் ஒரு படப் புத்தகத்தில் பார்த்து மனதைப் பறிகொடுத்தவர் அவர். முழு மரம், விரல் கோத்ததுபோல் மூலைகள், கதவுக்கு ஒரு மரக்குமிழ், அவ்வளவுதான். பூவோ கொடியோ கேட்டு வந்தவர்களை வந்த வழியே அனுப்பிவிடுவார். உதவாதது எதுவும் கூடாது என்று நினைத்த அந்தக் கூட்டத்தாரின் பாணியில் காட்சி அலமாரி செய்தால், அலமாரி இப்படித்தான் நடந்துகொள்ளும் என்று ஊர் சமாதானமாகிவிட்டது.

பெற்றோர் போன பிறகு அவரைத் தூக்கி வளர்த்த அக்கா, தூரத்து நகரத்தில் பீங்கான் கோப்பைகளுக்குப் பூ எழுதும் வேலையில் இருந்தாள். ஒருமுறை தம்பிக்கென்றே ஒரு கோப்பை செய்து அனுப்பினாள். சுற்றிலும் நீலப் பூக்கள். உடையாமல் இருக்க உள்ளே காகிதத்தைத் திணித்திருந்தாள். தச்சருக்குப் பூவைப் பார்த்ததுமே முகம் சுண்டிவிட்டது. காகிதத்தைக்கூட எடுக்காமல், தன் வீட்டு அலமாரியின் மேல்தட்டில், பெரிய தட்டுக்குப் பின்னால் தள்ளிவிட்டார். ஊருக்கெல்லாம் சொன்ன எச்சரிக்கை அவருக்கே மறந்துபோனது.

அக்கா போனில் விடாமல் கேட்பாள். "டேய், அந்தக் கப்புல குடிக்கிறியா?"

"தினமும் அதுலதான்க்கா."

"குடிச்சு முடிச்சதும் அடியில பாத்தியா?"

"பாக்காம இருப்பேனா?" என்பார். அவள் சின்னப் பெண்போல் சிரிப்பாள். அந்தச் சிரிப்புக்காகவே பொய் பல வருஷம் ஓடியது.

வேலையை விட்ட பிறகு அக்கா அவரைப் பார்க்க வந்தாள். வந்ததும் வராததுமாக, "எனக்கும் அந்தக் கப்புலயே டீ குடு" என்றாள். தச்சர் தட்டை நகர்த்தினார். வழவழவென்று ஒரு தேக்குக் கோப்பை இருந்தது. உள்ளே திணித்த காகிதமும் தேக்காகி, அதன் மடிப்புகள் ஒன்றுவிடாமல் தெரிந்தன. அக்கா அதைக் கையில் வாங்கி, மடிப்புகளை விரலால் தடவிப் பார்த்தாள்.

"காகிதத்தக்கூட எடுக்கலையாடா?"

தச்சர் அடுப்பைப் பற்றவைக்கப் போனார். அக்கா வேறு டம்ளரில் டீ குடித்தாள், மழையைப் பற்றிப் பேசினாள், ஊருக்குத் திரும்பினாள். அதன் பிறகும் போன் செய்தாள். கோப்பையைப் பற்றி மட்டும் கேட்கவே இல்லை. அடியில் என்னதான் எழுதியிருந்தாள் என்று கேட்க ஒவ்வொரு முறையும் அவருக்கு வாய் வரை வந்தது, வெட்கம் தடுத்தது. கேட்டிருக்கலாம். சிரித்துக்கொண்டே திட்டிவிட்டுச் சொல்லியிருப்பாள். மூன்று மழைக்காலம் போனது, பிறகு அக்காவும் போய்விட்டாள்.

காரியமெல்லாம் முடிந்து வந்து தச்சர் சின்ன உளியை எடுத்தார். காகிதத்தை மட்டும் செதுக்கி எடுத்துவிட்டால் அடி தெரியும் என்று நம்பினார். ஆனால் எல்லாம் ஒரே மரம். காகிதம் எங்கே முடிகிறது, கோப்பை எங்கே தொடங்குகிறது என்று அந்தக் கைக்கே தெரியவில்லை. இதற்குமேல் போனால் ஓட்டை விழும் என்ற இடத்தில் நிறுத்தினார்.

இப்போது தினமும் அதில்தான் டீ குடிக்கிறார். கடைசி வாய் முடிந்ததும் குனிந்து உள்ளே பார்ப்பார். தேக்கின் ரேகை தெரியும். கழுவித் துடைத்து, தட்டுக்கு முன்னால் வைத்துவிட்டு வேலைக்குப் போவார்.