தோக்குரோ கொடுத்த எண்

தோக்குரோவுக்கு அன்று காலையிலிருந்தே குஷி. பனிமூட்டத்தில் எதிர்க்கரை ஐஸ் ஆலைகூடத் தெரியவில்லை. துறையில் ஒரு படகும் கிளம்பவில்லை. கன்ஜியும் இன்னும் மூன்று பேரும் அவன் படகின் சுக்கான் அறையில் நெருக்கியடித்து உட்கார்ந்து, சுட்ட கணவாய் மீனைக் கடித்துக்கொண்டு ஊர்வம்பு பேசினார்கள். அப்போது அவன் தங்கை நாட்சுயே தளத்தில் ஏறி வந்தாள்.

"அண்ணே, களவா மீன் நிக்கிற பாறை ஒண்ணே ஒண்ணு சொல்லு. இந்த மாசக் கடைசிக்குள்ள ஏலத்துக்கு மீன் வரலன்னா சங்கத்துல எங்க பேர எடுத்துடுவாங்க. படகு கட்ட எடம்கூட இருக்காது."

"ஏன், மாப்ளகிட்டதான் புது ஜி.பி.எஸ். பெட்டி இருக்கே? செயற்கைக்கோளு எல்லாம் மேல நின்னு அவரத்தான பாத்துக்கிட்டு இருக்கு. அதுங்ககிட்ட கேளு."

"அது நாம எங்க நிக்கிறோம்னு சொல்லும்ணே. மீன் எங்க நிக்குதுன்னா சொல்லும்?"

அறையே சிரித்தது. அவள் கணவன் மோரிஹிகோ ஒசாகாவில் செருப்புக்கடையில் இருந்தவன். நாட்சுயேயைக் கட்டிக்கொண்டு தீவுக்கு வந்து, தலைமுடி நரைக்கும்வரை கடலில் உழன்ற பிறகும் இந்தத் துறைக்கு அவன் தரைக்காரன்தான். தோக்குரோ அப்படி ஆக்கி வைத்திருந்தான். புருஷனும் பெண்டாட்டியும் ஒரே படகில் போய் வருவார்கள். வெறும் கூடையோடு திரும்பினால் ஒயர்லெஸ்ஸில் முதல் கேலி தோக்குரோவுடையதாகத்தான் இருக்கும்.

"மாப்ள வாயால கேக்கட்டும். தொப்பியக் கழட்டிட்டுக் கேக்கட்டும்" என்றான் தோக்குரோ.

பக்கத்தில் கட்டியிருந்த படகிலிருந்து மோரிஹிகோ வந்தான். தொப்பியைக் கழற்றி, இடுப்பு மடிய வணங்கி நின்றான். "தயவு பண்ணுங்க."

"காதுல விழல மாப்ள."

"தயவு பண்ணுங்க!" என்று கத்தினான் மோரிஹிகோ. அவன் கழுத்தெல்லாம் சிவந்து போயிற்று. நாட்சுயே வேறு பக்கம் பார்த்துக்கொண்டாள்.

"சரி, நிமிரு. போய் உன் பெட்டிய ஆன் பண்ணு. நான் படிக்கிறேன், நாட்சு சொல்லுவா, நீ அடி."

கன்ஜி வாயைப் பிளந்தான். இந்தத் துறையில் தன் பாறையைப் பெற்ற பிள்ளைக்குக்கூட எவனும் சொல்லமாட்டான், சாகும்போது வாயோடு கொண்டுபோவான். தோக்குரோ தன் பழைய பெட்டியைப் பார்த்து, பாறையின் அட்சரேகை, தீர்க்கரேகையை ஒவ்வொரு எண்ணாகப் படித்தான். ஓர் எண்கூடப் பொய்யில்லை. நாட்சுயே கண் கலங்கிப்போய் அவன் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"போகப் போக எக்கோவுல ஆழத்தப் பாத்து ஒயர்லெஸ்ல சொல்லிக்கிட்டே வா. நான் இங்கேருந்து வழி சொல்றேன்" என்று சொல்லி அனுப்பினான்.

அவர்கள் படகு பனிக்குள் மறைந்த பிறகு தொடையைத் தட்டிக்கொண்டு சிரித்தான்.

"எங்கண்ணே சொன்ன? நெசமாவா?" என்றான் கன்ஜி.

"நெசம்தான்டா. குரோசே பாறைக்கு அடிவாரம், அறுபது மீட்டர்ல. ஆனா என் பெட்டி டோக்கியோவ வச்சு அளந்த பழைய கணக்கு. மாப்ளயோடது புதுசு, உலகக் கணக்கு. அதே எண்ண அதுல அடிச்சா நானூறு மீட்டருக்கு மேல தள்ளிக் கொண்டுபோய் விடும்டா!"

"எந்தப் பக்கம் தள்ளும்?"

"வடமேக்க. அங்க என்ன இருக்கு? சுத்தி சுத்தி மணல். ஒயர்லெஸ்ல கேளு, நாளு பூரா மணலுக்குத் தூண்டி போட்டு அழப்போறாரு மாப்ள!"

அந்த அறையில் அதற்குப் பிறகு யாரும் கணவாயைக் கவனிக்கவில்லை, சிரித்தே மாய்ந்தார்கள். துறையில் கட்டியிருந்த எல்லாப் படகிலும் ஒயர்லெஸ் திறந்திருந்தது. விஷயம் வாய்வழியாகப் படகு படகாகப் பரவி, மற்றவர்களும் காதைத் தீட்டிக்கொண்டார்கள்.

"அண்ணே, கிட்ட வந்துட்டோம்." நாட்சுயேயின் குரல் கரகரத்தது. "எக்கோவுல அறுபத்தொண்ணு."

"அப்படித்தான். நேரா போ."

"அறுபது."

"மாப்ள பெரிய தூண்டியா எடுத்து வைக்கட்டும்!"

யாரோ இன்னொரு படகிலிருந்து ஒயர்லெஸ்ஸில் குலவை போட்டார்கள்.

"அண்ணே, அம்பத்தஞ்சு."

தோக்குரோவின் வாயில் சிரிப்பு பாதியில் நின்றது. மணலாக இருந்தால் அறுபது அறுபதாகவே இருக்கவேண்டும். வடமேற்கே ஆழம் கூடுமே தவிரக் குறைய வழியே இல்லை.

"அம்பது. மேட்டுக்கு ஏறுதுண்ணே. பாறை வருதோ?"

அப்போதுதான் அந்த மடையனுக்கு உறைத்தது. கணக்கைத் தலைகீழாகப் பிடித்திருந்தான். பழைய எண்ணைப் புதுப் பெட்டியில் அடித்தால் வடமேற்கே தள்ளாது, தென்கிழக்கே தள்ளும். அங்கே குரோசேயின் தலை இருக்கிறது. வற்றத்தில், கடல் இறங்கியிருக்கும் நேரத்தில், தண்ணீருக்கு ஒரு முழம் கீழே, சுவர் மாதிரி செங்குத்தாக நிற்கும் பாறை. கரைக்கோடு மட்டும் காட்டுகிற மோரிஹிகோவின் மலிவுப் பெட்டியில் அது இருக்காது. எக்கோவோ சத்தத்தைக் கீழே அனுப்பி, திரும்பி வருவதை வைத்து ஆழம் சொல்லும் கருவி. படகின் வயிற்றுக்குக் கீழே இருப்பதைத்தான் அது காட்டும். மூக்குக்கு எதிரே இருப்பது அதற்குத் தெரியாது. இப்போது வற்றம்.

மைக்கை எடுத்தான். ஒரு வார்த்தை போதும், நிறுத்து என்று. ஏன் என்று அவள் கேட்பாள். மண்டியிடாத குறையாக வந்து நின்ற சொந்தத் தங்கைக்குத் தெரிந்தே கெட்ட இடம் கொடுத்தேன் என்று துறை முழுக்கக் கேட்கச் சொல்லவேண்டும். அதுவும் கணக்குத் தெரியாமல் கொடுத்தேன் என்று. தோக்குரோவா, கணக்குத் தெரியாதவனா? அடுத்த எண் கூடிவிடும், கூடிவிடும் என்று மனசுக்குள் முட்டிக்கொண்டான்.

"நாப்பத்திரண்டு. இவரு சொல்றாரு, இவ்வளவு ஆழம் இருக்கு, என்ன பயம்ங்கிறாரு."

"நாட்சு" என்றான். "கொஞ்சம் மெதுவா போ."

"ஏண்ணே?"

சிரித்த முகமாக நான்கு பேரும் அவனையே பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

"மீன் மிரண்டுடும்ல."

எல்லாரும் விழுந்து விழுந்து சிரித்தார்கள். கன்ஜிக்குப் புரையேறிவிட்டது.

"சரிண்ணே, இவருகிட்ட சொல்ற..."

ஒயர்லெஸ் சட்டென்று ஊமையானது. யாரோ "என்னாச்சு, தூண்டி பல்லுல மாட்டிக்கிச்சா?" என்று கேட்டான். பதில் வரவில்லை. இன்னொருவன் கூப்பிட்டான். அதற்கும் இல்லை.

"குரோசே!" தோக்குரோ எழுந்து நின்று அலறினான். "குரோசே தலையில! கயித்த அவுருங்கடா!"

மணல் என்று சொன்ன வாய் பாறை என்று அலறுவதைக் கன்ஜி கேட்டான். போய்க் கயிற்றை அவிழ்த்தான்.

பனியில் ஊர்ந்து ஊர்ந்து போனார்கள். நாட்சுயே பாறைத் தலையில் இடுப்பளவு தண்ணீரில், நண்டு மாதிரி ஒட்டிக்கொண்டு கிடந்தாள். படகு உடைந்து மூழ்கிவிட்டிருந்தது. மோரிஹிகோ மதியத்துக்கு மேல்தான் கிடைத்தான். அவனையும் தோக்குரோவேதான் கொக்கியால் இழுத்துத் தளத்தில் போட்டான்.

துறையில் கடலோரக் காவல்காரர் ஒருவர் காத்திருந்தார். பிணத்தின் மேல் நீலத் தார்ப்பாயைப் போர்த்தியிருந்தார்கள். கம்பளிக்குள் நடுங்கிக்கொண்டிருந்த நாட்சுயேயிடம், அந்தப் பாறைப் பக்கம் ஏன் போனீர்கள் என்று கேட்டார்.

"எங்கண்ணன் சரியாத்தான் சொன்னாரு. யாரும் குடுக்காத எடத்தக் குடுத்தாரு. இந்த மனுசன்தான் பட்டனத் தப்பா அழுத்தியிருக்கணும். கை எப்பவும் நடுங்கும், ஆத்திரம் வேற." அண்ணன் காலடியில் சிமெண்டுத் தரையில் நெற்றி முட்ட விழுந்தாள். "மன்னிச்சிருண்ணே. உன் பேரயும் கெடுத்துட்டாரு."

கன்ஜி கீழே எதையோ தேடுகிறவன்போலக் குனிந்துகொண்டான். அதிகாரி தோக்குரோவைப் பார்த்தார்.

"அப்படித்தானா?"

துறையே நின்றுகொண்டிருந்தது.

"ஆமா. எட்டுக்கும் மூணுக்கும் அவருக்கு எப்பவுமே குழப்பம்தான்."

அதிகாரி தலையாட்டினார். நாட்சுயே எழுந்து போய்த் தார்ப்பாயை விலக்கினாள். கட்டியவனின் முகத்தைக் கொஞ்ச நேரம் பார்த்தாள். பிறகு கையை ஓங்கி அந்தக் கன்னத்தில் பளாரென்று அறைந்தாள்.

"அதக்கூட ஒழுங்கா அடிக்கத் தெரியலியாய்யா உனக்கு?"

மறுபடியும் அறைந்தாள். தடுக்க யாரும் போகவில்லை. தோக்குரோ மிக அருகில், கை எட்டும் தூரத்தில்தான் நின்றான்.