இராயப்பர் வீட்டு யூதாஸ்

ஒலக்கூர் பக்கத்தில் எங்கள் ஊருக்கு வந்து, என் பேரைச் சொல்லி மதலைமுத்து வீடு எது என்று கேட்டால் பாதிப் பேருக்குச் சொல்லத் தெரியாது. இராயப்பர் வீடு என்று கேட்டால் நாய்கூட வழி காட்டும். ஆண்டவர் மோட்சத்துச் சாவியைக் கொடுத்த பேதுருதான் இராயப்பர்; பெரிய வெள்ளிக்கிழமைக் கூத்தில் அந்த வேஷம் எங்கள் வீட்டுக்குரியது. பாரதக் கூத்து வாத்தியார் ஒருவரை அழைத்து வந்து, ஆண்டவருடைய பாடுகளைக் கூத்தாகக் கட்ட வைத்தவர் என் பாட்டனார். அவர் கட்டிய வேஷத்தை என் அப்பா கட்டினார். அப்பாவுக்குப் பிறகு நாற்பது வருடம் நான் கட்டினேன். அதற்கு முந்தைய நாற்பது நாள் தபசு காலம் முழுவதும் எங்கள் வீட்டில் கவிச்சி கிடையாது, உரத்த பேச்சு கிடையாது. ஆண்டவரைத் தெரியாது என்று மூன்று தரம் மறுத்துவிட்டு, சேவல் கூவியதும் இராயப்பர் அழுகிற பாட்டு ஒன்று வரும். அதைக் கேட்பதற்கென்றே கிளியனூர் பக்கத்து இந்துக் குடும்பங்கள் டிராக்டரில் வந்து இறங்கி, எங்கள் கோயில் மைதானத்தில் பாய் விரித்து உட்காருவார்கள்.

போன வருடம் எங்களுக்குப் புதிய பங்குச் சாமியார் வந்தார். விழுப்புரத்தில் படித்த பிள்ளை. வயது என் மகனைவிடக் குறைவு. தபசு தொடங்கும் சாம்பல் புதனுக்கு அடுத்த ஞாயிறு பூசை முடிந்ததும் பங்குப் பேரவையைக் கூட்டினார். விடிய விடிய நடக்கிற கூத்து இனிமேல் வெள்ளிக்கிழமை காலையில் தொடங்கி இரண்டு மணி நேரத்தில் முடிந்துவிட வேண்டும் என்றார். அதற்காகப் பாட்டுகளைக் குறைத்திருந்தார். இராயப்பர் அழுகைப் பாட்டில் இரண்டே அடி மிஞ்சியிருந்தது. வேஷங்களை இனித் திருவுளச் சீட்டுப் போட்டுக் கொடுப்பதாகவும் சொன்னார்.

"கோயில்ல பரம்பரைப் பாத்தியதைன்னு ஒண்ணு கிடையாதுங்க," என்றார்.

நான் எழுந்தேன். "எனக்கு இதுல சம்மதம் இல்ல சாமி. நான் சொன்னதா எழுதிக்குங்க."

"எழுதிக்கிறோம் ஐயா. மத்தவங்களையும் ஒரு வார்த்தை கேட்டுடலாம்."

கை தூக்கச் சொன்னார். எனக்காகத் தூக்கிய கைகளில் பாதி, சாமியார் திரும்பிப் பார்த்ததும் தலை சொறிகிற கைகளாகிவிட்டன. நான் தோற்றேன்.

தீர்த்தச் செம்பில் எல்லா வேஷத்தின் சீட்டுகளையும் போட்டுக் குலுக்கினார்கள். செம்புக்குள் கையை விடாமல் எழுந்து போயிருக்கலாம். ஆனால் சபை நடுவிலிருந்து பாதியில் எழுந்து போகிற வழக்கம் எங்கள் வீட்டில் இல்லை. எடுத்தேன். யூதாஸ் என்றிருந்தது.

ஆண்டவரைக் காட்டிக்கொடுத்த யூதாஸ் வேஷத்தை எங்கள் ஊரில் ஊர்க்காரன் கட்டுவதில்லை. வெளியூரிலிருந்து கூலிக்கு ஆள் பிடிப்பார்கள். கடைசி இராவிருந்துக் காட்சியில் அவன் பந்தியை விட்டு எழுந்து, சனங்களுக்கு நடுவே நடந்து, மைதானத்துக் கேட்டைத் தாண்டி வெளியே போக வேண்டும். பெண்கள் மண்ணை வாரி அவன்மேல் தூற்றுவார்கள். பிறகு சேவகர்களோடு திரும்பி வந்து ஆண்டவருக்கு முத்தம் கொடுத்து அடையாளம் காட்டிவிட்டால் அவன் வேலை முடிந்தது. முகத்தைக் கழுவிக்கொண்டு பஸ் ஏறிவிடுவான். அன்றைக்கு அவன் கோயில் படி ஏறக்கூடாது என்பது ஊர் வழக்கம்.

இராயப்பர் சீட்டு சந்தியாகுக்கு விழுந்தது. சந்தியாகு என் சம்பந்தி. அவருடைய மகள் அமலாவைத்தான் என் மகன் எட்வின் கட்டியிருக்கிறான். கல்யாணப் பந்தியில் எங்கள் பக்கத்து ஆட்களுக்குச் சாம்பார் தண்ணியாகப் போயிற்று என்று நான் சொன்ன நாளிலிருந்து எங்களுக்குள் ஆகாது.

"சம்பந்தி, மோட்சத்துச் சாவி எங்கிட்ட வந்துடுச்சி," என்றார் வெளியே வரும்போது. "நீங்க வர்றப்போ கதவத் தட்டுங்க. பாத்துத் தொறக்கிறேன்."

"தொறக்கணும்னா மொதல்ல நீங்க உள்ள இருக்கணுங்களே," என்றேன்.

வீட்டில் என் மனைவி இருதயமேரி விதைக்கு மல்லாட்டைக் கடலை உடைத்துக்கொண்டிருந்தாள். விஷயத்தைச் சொன்னேன். கை நிற்கவில்லை.

"யூதாசா. நல்லதாப் போச்சு. பாட்டு கம்மி. ஒங்க தொண்டைக்கும் ஆவுது."

"ஊர்ப் பொம்பளைங்க எம்மேல மண்ணு வாரித் தூத்துவாளுங்க. தெரியுதா?"

"ஊர்ப் பொம்பளைங்கள்ள நானும் ஒருத்திதான்," என்றாள்.

எட்வின் திண்டிவனத்தில் செல்போன் கடை வைத்திருக்கிறான். குழந்தைக்கு ஞானஸ்நானம் கொடுக்கிற தேதியில் முந்தைய சாமியாரோடு தகராறு வந்து, அமலாவையும் அழைத்துக்கொண்டு அங்கே ஒரு புது ஜெப வீட்டுக்குப் போய்க்கொண்டிருந்தான். செய்தி கேட்டு அன்று சாயங்காலமே வந்தான்.

"இந்த அவமானம் இன்னாத்துக்குப்பா? எங்க சபைக்கு வந்துடுங்க. ஒங்க வயசுக்கு முன்னால சேர் போட்டு ஒக்கார வெப்பாங்க. அங்க சண்டை சச்சரவே கிடையாது."

"எத்தினி வருசமா நடக்குது?"

"மூணு வருசம்."

"அப்ப சண்டை இன்னும் ஆரம்பிக்கலன்னு சொல்லு."

அப்படிச் சொல்லி அனுப்பினேனே தவிர, அடுத்த ஞாயிறு காலையில் திண்டிவனம் பஸ்ஸில் நான் உட்கார்ந்திருந்தேன். அந்த இடத்தைப் பற்றிக் குறையாக ஒரு வார்த்தை சொல்ல மாட்டேன். முன் வரிசையில் துணி போட்ட நாற்காலி வைத்திருந்தார்கள். பாஸ்டர் என் தோளில் சால்வை போட்டு, பெரியவர் வந்தது எங்களுக்கு ஆசீர்வாதம் என்றார். பாட்டு முடிந்ததும் பக்கத்தில் இருப்பவருக்குக் கை கொடுத்துச் சமாதானம் சொல்லச் சொன்னார்கள்.

எங்கள் கோயிலிலும் பூசையில் அந்த நேரம் வரும். என் இடது பக்கம் சந்தியாகு நிற்பார். இருவரும் பல்லைக் கடித்துக்கொண்டு கும்பிடுவோம். பழக்கத்தில் இடது பக்கம் திரும்பினேன். முகம் தெரியாத ஒரு வாலிபன் சிரித்துக்கொண்டு கையை நீட்டினான். நல்ல பிள்ளை. அவனுக்கும் எனக்கும் எந்தப் பகையும் இல்லை. சமாதானம் சொல்வதற்கு எங்களிடம் ஒன்றுமில்லை. அது எனக்கு என்னவோ போல் இருந்தது.

இருந்தாலும் எட்வினிடம் சொன்னேன்: "பெரிய வெள்ளிக்கிழமை வண்டிய கொணாந்து நம்ம கோயில் கேட்டாண்ட நிறுத்து. சீட்டுல கைய வுட்டாச்சு. வேஷம் கட்டாம ஓடிட்டான்னு நம்ம வூட்டப் பத்தி ஒருத்தன் பேசக்கூடாது. கட்டி முடிச்சு, மண்ணத் தட்டிட்டு, அப்படியே வந்துடறேன். அதோட ஊர்க் கோயிலுக்கும் எனக்கும் சரி."

இருதயமேரியிடமும் சொன்னேன்.

"நீங்க போங்க," என்றாள். "நான் வரல. பால்காரம்மாகிட்ட பேசறதில்ல, சந்தியாகு பொண்டாட்டிகிட்ட பேசறதில்ல, பூ கட்டற விசயத்துல சிஸ்டருகிட்ட ஒரு பேஜாரு ஓடிகினு இருக்குது. என் சண்டையெல்லாம் இங்கதான் கீது. அத்தினியும் வுட்டுட்டு நான் அங்க வந்து யார் மூஞ்சியப் பாக்கறது?"

பெரிய வெள்ளிக்கிழமை காலையில் மைதானம் நிறைந்துவிட்டது. இராயப்பர் வீட்டுக்காரன் யூதாஸ் கட்டுகிறான் என்ற செய்தி மரக்காணம் வரை போயிருந்தது. நான் கறுப்பு அங்கி கட்டி, முகத்தில் மஞ்சள் அரிதாரம் பூசி, பந்தியில் பன்னிரண்டாவது ஆளாக உட்கார்ந்தேன். என் பாட்டனார் உட்கார்ந்த இடத்தில், ஆண்டவருக்கு வலது பக்கம், சந்தியாகு நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு உட்கார்ந்திருந்தார்.

வேளை வந்தது. மத்தளம் உறுமிற்று. எழுந்தேன். கூலிக்கு வந்தவர்கள் இந்த இடத்தில் குனிந்து ஓடுவார்கள். நான் ஓடவில்லை. முதுகு வளையாமல், ஒவ்வொரு அடியையும் அழுத்தி வைத்து நடந்தேன். பெண்கள் மண்ணைக் கையில் வாரி வைத்திருந்தார்கள். ஒருத்திக்கும் கை வரவில்லை. இராயப்பர் வீட்டுக்காரன்மேல் எப்படித் தூற்றுவது என்று தயங்கினார்கள்.

முதல் பிடி மண் முன் வரிசையிலிருந்து வந்தது. வாரித் தூற்றியவள் இருதயமேரி. முழுக் கையாக, மார்பில் பட்டுச் சிதறும்படி தூற்றினாள். பிறகு நாலா பக்கத்திலிருந்தும் மண் பறந்தது. கண்ணும் வாயும் மண்ணாகிக் கேட்டைத் தாண்டினேன்.

எட்வின் காரை நிறுத்தி வைத்திருந்தான். என் கோலத்தைப் பார்த்து அவன் கண் கலங்கிவிட்டது.

"போதும்பா. ஏறுங்க."

முத்தக் காட்சி பாக்கியிருந்தது. ஆனால் சொந்த வீட்டுக்காரி கையால் மண் பட்ட பிறகு இங்கே எனக்கு என்ன பாக்கி என்று தோன்றிற்று. "வண்டிய எடு," என்றேன். அவன் கதவைத் திறந்தான். உள்ளே குனிந்தேன்.

அப்போது ஒலிபெருக்கியில் சந்தியாகு பாடத் தொடங்கினார். யூதாஸ் வெளியே போன பிறகு இராயப்பர் ஆண்டவர் முன்னால் சத்தியம் செய்கிற இடம் அது.

"ஊரெல்லாம் போனாலும் உனைவிட்டுப் போவேனோ,
வேறெந்த வாசலில் நின்றிடுவேன் ஐயனே."

நாற்பது வருடம் நான் பாடிய அடிகள். பாடியிருக்கிறேனே தவிர ஒருநாளும் வெளியே நின்று கேட்டதில்லை. சந்தியாகு சுருதி விலகித்தான் பாடினார். மேலே போக வேண்டிய இடத்தில் கீழே போனார். ஆனாலும் வார்த்தை வார்த்தைதான். என் பாட்டனார் வாயும் என் அப்பா வாயும் என் வாயும் ஊரறியச் சொன்ன சத்தியம் அது. அதைச் செய்த இராயப்பர் விடிவதற்குள் மூன்று தரம் வழுக்கி விழுந்தார் என்பது எனக்குத் தெரியும். விழுந்தும் அவர் மற்றச் சீடர்களை விட்டுப் போகவில்லை. அந்தப் பேரை வாசலில் மாட்டியிருக்கிற வீட்டுக்காரன் நான். ஒரு கால் காருக்குள் இருந்தது.

காலை வெளியே எடுத்தேன்.

சேவகர் வேஷக்காரர்கள் ஈட்டியோடு கேட்டருகில் நின்றிருந்தார்கள். "பெரியப்பா, ஜல்தி வாங்க. நம்ம மொறை வந்துடுச்சி," என்று ஒருவன் கூப்பிட்டான்.

"இன்னாப்பா ஆச்சு?" என்றான் எட்வின்.

"வண்டியப் பூட்டிட்டு உள்ள வந்து ஒக்காரு. இன்னும் காட்சி இருக்குது."

உள்ளே போய் முத்தம் கொடுத்தேன். அந்தக் காட்சியைப் பற்றி நானே சொல்லிக்கொள்வது முறையல்ல. கிளியனூர்க்காரர்களைக் கேட்டால் சொல்வார்கள்.

அழுகைப் பாட்டு இரண்டு அடியில் முடிந்தது. சனங்கள் இன்னும் வரும் என்று காத்திருந்தார்கள். வரவில்லை.

கூத்து முடிந்ததும் எல்லோரும் சிலுவையை முத்தமிடுகிற முத்தி செய்யக் கோயிலுக்குள் போனார்கள். நான் முகத்தைக் கழுவவில்லை. மண் அப்பிய அங்கியோடு நேரே போய் முதல் படியில் கால் வைத்தேன். மேல் படியில் நின்ற சந்தியாகு குரலைத் தாழ்த்தினார்.

"சம்பந்தி, யூதாசு கட்டினவன் இன்னிக்குப் படி ஏறக்கூடாது. ஊர் வழக்கம் ஒங்களுக்குத் தெரியாததா?"

"அந்த வழக்கம் கூலிக்கு வந்தவனுக்குங்க," என்றேன். "அவன் வேஷம் முடிஞ்சா பஸ் ஏறிப் போவான். நான் இந்த வூட்டுக்காரன். எங்க போவேன்?"

பின்னால் நின்ற சனம் முழுக்கக் கேட்டது. சாமியார் வாசலுக்கு வந்துவிட்டார். அவர் வாயைத் திறப்பதற்குள் சந்தியாகு ஒதுங்கி வழி விட்டார்.

"வாங்க, மொதல்ல நீங்க போங்க. நான் பின்னால வர்றேன்."

நடுவழியே நடந்தேன். இரண்டு பக்கமும் சனங்கள் எழுந்து நின்றார்கள். இருதயமேரி வேகமாக வந்து என் பக்கத்தில் சேர்ந்துகொண்டாள்.

"ரொம்ப வேகமா வுட்டுட்டனா?" என்று காதருகே கேட்டாள்.

"கண்ணு ரெண்டும் போச்சு."

"கட்டின வேஷத்துக்கு ஒழுங்கா வுழணும்ல," என்றாள்.

சிலுவையின் பாதத்தில் குனிந்து முத்தி செய்தேன். அங்கே கட்டியிருந்த வெள்ளைத் துணியில் என் முகத்து மஞ்சளும் மண்ணும் ஒட்டிக்கொண்டன. துணியை மாற்ற வந்த உபதேசியாரைச் சாமியார் கையமர்த்தினார். ஊர் முழுக்க அந்தத் துணியில்தான் முத்தி செய்தது. எட்வினும் அமலாவும் வரிசையில் வந்தார்கள். அடுத்த ஞாயிறு எங்கே போவது என்பது அவர்கள் பாடு; நான் கேட்கவில்லை.

ஆண்டவருடைய உயிர்ப்புத் திருநாள் முடிந்த வாரம் பேரவை கூடியது. நான் எழுந்தேன். இராயப்பர் அழுகைப் பாட்டை முழுதாகத் திரும்பச் சேர்க்க வேண்டும் என்று சொல்லி, காரணங்களையும் சொன்னேன். ஆமோதிப்பவர் உண்டா என்று சாமியார் கேட்டார். சந்தியாகு எழுந்தார்.

"பாதிப் பாட்டுல அழுகை வர மாட்டேங்குதுங்க சாமி. நானும் முக்கி முக்கிப் பாத்தேன்."

சிரிப்பு அடங்கியதும் கைகள் எழும்பின. இந்தத் தடவை ஒரு கையும் தலை சொறியவில்லை. பாட்டு முழுதாகத் திரும்பியது. சாமியாரே தம் கையால் தீர்மானத்தை எழுதினார்.

"யூதாசுக்கு இனி வெளியாள் வேண்டாங்க சாமி. இந்த வருசம் மாதிரியே அதையும் சீட்டுல போடுங்க," என்று பின்னாலிருந்து ஒரு குரல் கேட்டது. இரண்டு மூன்று வாலிபர்கள் இப்போதே அந்த வேஷத்தின்மேல் கண் வைத்திருக்கிறார்கள் என்று கேள்வி. கட்டட்டும். எப்படி நடக்க வேண்டும் என்று பார்த்திருக்கிறார்கள்.

"வேற ஏதாவது உண்டுங்களா?" என்று சாமியார் புத்தகத்தை மூடப் போனார்.

"உண்டுங்க சாமி," என்று நான் மறுபடியும் எழுந்தேன். "சீட்டுப் போடறதுல எனக்கு இன்னும் சம்மதம் இல்ல."

சாமியார் சிரித்துக்கொண்டே பேனாவைத் திறந்தார். "தெரியுங்க ஐயா. ஒக்காந்து சொல்லுங்க."

நான் நின்றுகொண்டே சொன்னேன்.