நாலு வெள்ளை வட்டம்

கொதிகலன் அறையில், எண்ணெய்த் தொட்டிச் சுவரின்மேல் மூன்றாம் முறையாக விரலை வைத்துப் பார்த்தேன். காய்ந்துதான் இருந்தது. புதிய கனரகப் போர்க்கப்பல் ‘கேரிக்’ கடற்படையில் சேர்ந்து ஒன்பது நாள். இன்று ஸ்காட்லாந்தின் அர்ரன் தீவுக்கருகே முழு வேகச் சோதனை ஓட்டம். எங்காவது கசிந்தால் கவனிக்க, அதைக் கட்டிய கப்பல் யார்டிலிருந்து பத்துப் பேரை ஏற்றியிருந்தார்கள். இரும்புத் தகடுகளை இணைக்கும் ரிவெட் ஆணி அடிக்கிற நானும் அதில் ஒருவன்.

போன ஜூலை, கிளாஸ்கோ யார்டுகளின் கோடை விடுமுறைக்கு முந்தின நாள். மேற்பார்வையாளர் பர்டி இந்தத் தொட்டிச் சுவரில் ஒவ்வொரு ரிவெட்டாகச் சுத்தியலால் தட்டிக் கேட்டு, ஓசை சரியில்லாத நாலைச் சாக்கட்டியால் வட்டமிட்டுவிட்டுப் போனார். துளைத்தெடுத்து மறுபடி அடிக்க வேண்டும். ரிவெட்டைக் காய்ச்சும் உலையை அதற்குள் அணைத்துவிட்டார்கள். விடுமுறைக்குப் போகும் ரோத்சே கடற்கரைக்கு அஞ்சு மணிப் படகு. மனைவி ஜீன் பிள்ளைகளோடு துறையில் காத்திருந்தாள். ரிவெட்டை மாற்றாமலே, தொப்பியால் வட்டங்களைத் துடைத்துவிட்டு ஓடினேன். திரும்பி வந்தபோது பெயின்ட் அடித்திருந்தார்கள். நானும் வாயைத் திறக்கவில்லை, கோழைப்பயல்.

இப்போது அந்தச் சுவருக்கு முன்னால் நின்று கொதிகலன் நெருப்பைப் பார்த்துக்கொள்பவன் ஜீனின் தம்பி ராப். அடுத்த மாதம் இதே கப்பலில் சீனாவுக்குப் போகிறான், இரண்டரை வருஷத்துக்கு.

“என்ன மச்சான், செவுத்தயே தடவிக்கிட்டிருக்கீங்க? அக்காட்ட சொல்லட்டுமா?”

“வேலயப் பாருடா.”

வேகம் ஏறியது. காலடித் தகடு அதிர்ந்து பல்லெல்லாம் கூசியது. மறுபடி விரலை வைத்தேன். இரண்டாவது ரிவெட்டில் ஈரம். வியர்வை என்று நினைத்துக்கொள்ள எவ்வளவு ஆசைப்பட்டேன்! முகர்ந்தேன். எண்ணெய். நாலடி தள்ளி நெருப்பு. சொன்னால் கிளைட் ஆற்றங்கரையில் எந்த யார்டும் இனி என்னை உள்ளே விடாது.

“ராப், சாக்கட்டி இருக்கா?”

பலகையில் அழுத்தக் கணக்கு எழுதும் துண்டைத் தூக்கிப் போட்டான். “கட்டம் போட்டு வெளையாடப் போறீங்களா?”

நாலு வட்டம் போட்டேன். பெயின்ட்டுக்கு மேலேயும் கைக்கு இடம் தெரிந்தது. இரண்டாவது வட்டத்திலிருந்து கறுப்பாக ஒரு கோடு கீழே இறங்கியது. ராப் சிரிப்பை நிறுத்தினான்.

“ஒண்ணுதானே ஒழுகுது. மத்த மூணு எப்படி மச்சான் ஒங்களுக்குத் தெரியும்?”

“மொதல்ல நெருப்ப அணைடா. மேல இருக்கற பர்டிய கூப்பிடச் சொல்லு.”

என்னையே பார்த்தபடி வால்வைத் திருகினான். நெருப்புகள் ஒவ்வொன்றாக அடங்கின. அந்த அமைதியில் பர்டியின் பூட்ஸ் ஏணியில் இறங்கி வருவது கேட்டது. சாக்கட்டி என் கையிலேயே இருந்தது.